வரலாறு எடுக்கும் கோச்

சனிக்கிழமை காலையில் வெஸ்ட்லின் உயர்நிலைப் பள்ளியின் ஜெர்சிகளைத் துவைப்பது வெர்லின் டீட்ஸின் வேலை. வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபுட்பால் ஆட்டம் முடிந்து பையன்கள் கழற்றி எறிந்துவிட்டுப் போனதெல்லாம் பாய்லர் அறைக்குப் பக்கத்து அறையில் ஒரு குவியலாகக் கிடக்கும். புல்கறை, சேறு, சில சமயம் ரத்தம், எப்போதும் வியர்வை. முதலில் வெள்ளையைத் தனியாக, சிவப்பைத் தனியாகப் பிரிப்பார். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் கறை அங்கேயே குடித்தனம் வைத்துவிடும். புல்கறைக்குப் பழைய டூத்பிரஷ். எல்லாவற்றையும் தேய்த்து மெஷினில் போட்டுச் சுழலவிட்டு, கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல் உட்கார்ந்து புத்தகத்தைத் திறப்பார்.

கோச் துணி துவைப்பதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வெஸ்ட்லின் மாதிரிச் சின்ன ஊர்களில் கோச்தான் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர், கோச்தான் பஸ் ஓட்டுகிறவர். திங்கள் முதல் வெள்ளி வரை அவர் ஏதோ ஒரு வகுப்பும் எடுப்பார் என்பது ஊருக்குத் தெரியும். என்ன வகுப்பு என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள்.

அமெரிக்க வரலாறு. பதினொன்றாம் வகுப்புக்கு.

அவர் வரலாற்றுக்கு வந்த கதை பெருமைப்படும்படி இல்லை. படித்தது உடற்கல்வி. கூடவே ஒப்புக்குச் சில வரலாற்றுப் பாடங்கள். வேலை கேட்டு வந்த அன்று, அப்போதிருந்த பிரின்சிபால் ஃபுட்பாலைப் பற்றியே பேசிவிட்டு, கை குலுக்கி வழியனுப்பும் நேரத்தில்தான் கேட்டார்.

"ஆமா, வகுப்புல என்ன எடுப்பே?"

"உடற்பயிற்சி, சார்."

"அதுக்கு ஆள் இருக்கே. வரலாறு எடுத்துக்கோ. கோச்சுங்க எல்லாம் அதைத்தான் எடுப்பாங்க."

முதல் வருஷம் பிள்ளைகளைவிட ஒரு பாடம் முன்னால் ஓடினார். சில வாரம் அதுகூட இல்லை, பிள்ளைகளோடு சேர்ந்தே ஓடினார். படிக்க நேரம் கிடைத்தது துணி துவைக்கும் அறையில்தான். அங்கேதான் ஒரு சனிக்கிழமை, ரயில்வே கம்பெனிகள் தங்கள் நிலத்தை விற்க ரஷ்யா வரைக்கும் போய் ஆள் பிடித்த கதையைப் படித்தார். வோல்கா நதிக்கரையில் குடியிருந்த ஜெர்மன்காரர்களிடம் படம் காட்டினார்களாம். மனிதன் உயரத்துக்குச் சோளம், வண்டிச் சக்கரம் அளவு தர்பூசணி. வெர்லினின் தாத்தா அந்தக் கூட்டத்தில் வந்தவர். "தர்பூசணியைப் பார்த்துத்தான் வந்தேன், இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கிழவரின் உளறல் என்றே வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். இங்கே என்னடாவென்றால் தாத்தாவை ஏமாற்றிக் கூட்டி வந்ததை அச்சில் போட்டிருக்கிறான். மெஷின் நின்று வெகுநேரமாகியும் வெர்லின் பக்கெட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு வரலாறு அவரைப் பிடித்துக்கொண்டது. ஆனால் ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது ஃபுட்பால். வெள்ளிக்கிழமை வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, அணியை உற்சாகப்படுத்த எல்லோரும் ஜிம்முக்குப் போய்க் கத்துவார்கள். திங்கட்கிழமை பாதி வகுப்பு உடம்புவலியோடு தூங்கும். கரும்பலகையில் படை நகர்ந்த வழியை வரைய ஆரம்பித்தால், கை தானாக அடுத்த ஆட்டத்துக்கான வியூகத்தை வரைந்துவிடும். ஆங்கிலேயர் வரியை எதிர்த்துப் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கொட்டி முடிப்பதற்குள் நவம்பர் கடைசியின் நன்றித் திருநாள் வந்துவிடும். அப்புறம் ஒரே ஓட்டம்தான். உள்நாட்டுப் போர் பனிக்காலத்தில், முப்பதுகளின் பஞ்சம் வசந்தத்தில், கோடை விடுமுறைக்கு முந்தின நாள் ஹிரோஷிமா. அதோடு சரி.

அணி எவ்வளவு நன்றாக ஆடுகிறதோ, அவ்வளவு வரலாறு குறையும். ஊரில் ஒருவர் எந்த வருஷத்து மாணவர் என்பதை அவருக்கு எது தெரியாது என்பதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பாங்க்கில் வேலை பார்க்கும் ஜனெல் ரைஸ் படித்த வருஷம் அணி மாநில அரையிறுதி வரை போனது. "எங்க செட்டுக்கு ஹிட்லர் இன்னும் உயிரோடதான் இருக்கான், கோச்" என்று, அவர் சம்பளச் செக்கைப் போட வரும்போதெல்லாம் சொல்வாள்.

பாடப்புத்தகங்கள் பள்ளிக்குச் சொந்தமானவை. வருஷா வருஷம் கைமாறுவதால் முன்பக்கங்கள் அழுக்கேறி, ஓரம் சுருண்டு, வாஷிங்டனிலிருந்து ரூஸ்வெல்ட் வரை எல்லா ஜனாதிபதிக்கும் மீசையும் கண்ணாடியும் முளைத்திருக்கும். கடைசிக் கால்வாசி மட்டும் வாங்கின மேனிக்கு இருக்கும். பிரித்தால் பசை வாசனை அடிக்கும். கென்னடிக்கு யாரும் மீசை வரைந்ததே இல்லை. அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் விருந்துக்குச் சமைத்துவிட்டுப் பரிமாறாமல் மூடி வைத்தது போல் வெர்லினுக்கு உறுத்தும்.

பிறகு அணி தோற்க ஆரம்பித்தது. வருஷத்துக்கு வருஷம் மோசம். ஒரு நவம்பரில் டுவேன் கெல்லர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். டுவேன் டிராக்டர் கடைக்காரர், பள்ளியை நடத்தும் போர்டின் தலைவர். கடை மேஜையில், அவர் குடும்ப நிலத்தில் உழும்போது கிடைத்த, பழங்குடிகளின் கல் அம்புமுனைகள் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய இருக்கும். சங்கடமான பேச்சு வந்தால் அந்த ஜாடியை இப்படியும் அப்படியும் நகர்த்துவார். அன்றைக்கு ஜாடி மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விட்டது.

"உன்மேல தப்பில்லப்பா, வெர்லின். ஆனா ஊரு சும்மா இருக்க மாட்டேங்குது. அடுத்த வருஷத்துக்கு வேற கோச் பார்க்கலாம்னு போர்டுல முடிவு பண்ணிட்டாங்க. வாத்தியார் வேலைக்கு ஒண்ணும் இல்லை, அது அப்படியே இருக்கும்."

"சரி."

"கோவமா?"

"இல்லை."

"கோவப்பட்டா நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

வெர்லின் வெளியே வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தார். துக்கம் வருகிறதா என்று பார்த்தார். வந்தது, கொஞ்சம். அதற்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது. ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை இனி அவருடையது. தேயிலையைச் செப்டம்பரிலேயே கொட்டிவிடலாம்.

வெஸ்ட்லினில் யாராவது செத்தால் அந்த வீட்டுக்கு ஆளாளுக்கு ஒரு கேசரோல் செய்து கொண்டு போவார்கள். கோச் வேலை போனதற்கும் அதே மரியாதை. உருளைக்கிழங்கு வைத்துச் சுட்டது, நூடுல்ஸும் கோழியும் போட்டது, ஜெல்லியில் கேரட் துருவிப் போட்ட அந்தப் பச்சை நிற சாலட். பாத்திரம் திரும்பி வரவேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றின் அடியிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. வந்தவர்கள் கோச்சின் தோளைத் தட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி ஆர்டிஸிடம் விசாரித்தார்கள். "எப்படித் தாங்கறார்?"

ஆர்டிஸ் அவர் மனைவி. மைதானத்தில் பாப்கார்ன் கடை அவள் பொறுப்பு. கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு ஆட்டம் விட்டதில்லை. பின்கட்டில் வெர்லின் விசிலடிப்பதைக் கேட்டு அடுக்களையிலிருந்து வந்து நின்றாள்.

"யாராவது வந்தா கொஞ்சம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கோயேன். கேசரோல் கொண்டு வர்றவங்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

"தொங்கத்தான் போட்டிருக்கேன்."

"எங்கே? எழவு வீட்டுல பிணமே எழுந்து விசிலடிக்குது. நல்லவேளை பாப்கார்ன் மெஷின் என்கிட்ட இருக்கு. இல்லேன்னா நான்தான் அழணும்."

ஜனவரியில் பிரின்சிபால் மொரீன் ஸ்டால் தன் அறைக்கு அவரை வரச்சொன்னாள். நியாயமான பெண்மணி. எதையும் சுற்றி வளைக்காமல் சொல்வாள்.

"புது கோச் கிடைச்சாச்சு. ப்ராக்னு ஒரு பையன். அவனுக்கு வகுப்பு குடுக்கணும் இல்லையா? அதனால வரலாறு அவனுக்கு. உங்களுக்கு டிரைவிங் சொல்லிக்குடுக்கிற லைசென்ஸ் இருக்கு, அந்த வகுப்பை நீங்க எடுத்துக்கோங்க."

"வரலாறு என்னோடதுன்னு நினைச்சேன்."

"அது கோச்சோட வகுப்பு, மிஸ்டர் டீட்ஸ். எப்பவுமே அப்படித்தானே."

மிஸ்டர் டீட்ஸ். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வேறு யாரோ பின்னால் நிற்கிறார்கள் போலிருந்தது.

அன்று மாலை ஆர்டிஸ் முட்டைக்கோசும் மாட்டிறைச்சியும் வைத்த பன் சுட்டிருந்தாள். அவருக்கு உயிர். ஒன்றைப் பிட்டுத் தட்டிலேயே வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"வேலை போனப்ப விசிலடிச்சே. இப்ப வேலை இருக்கு, சாப்பாடு இறங்கல. போர்டு மீட்டிங்ல போய்ச் சொல்லு."

"என்னன்னு? ஃபுட்பாலைவிட எனக்கு வரலாறு பிடிக்கும்னா? இந்த ஊர்லயா?"

"ஆமா."

"சர்ச்ல பிரசங்கத்துக்கு நடுவுல எழுந்து கடவுள் இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்கும்."

"சொல்லிட்டு உடனே உட்கார்ந்துடு. அந்த பன்னை வீணாக்காதே."

போர்டு கூடுவது தொடக்கப்பள்ளிக்கும் பொதுவான பள்ளி நூலகத்தில். சின்னப் பிள்ளைகளுக்கான தாழ்ந்த நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். பஸ் டயர், கூரை ஒழுகல் எல்லாம் முடிந்து வெர்லினின் முறை வந்தபோது டுவேன் முந்திக்கொண்டார்.

"வெர்லின், நீ என்ன கேக்கப்போறேன்னு மொரீன் சொன்னாங்க. நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. வரலாறு யாரு வேணா எடுக்கலாம்ப்பா. அதெல்லாம் நடந்து முடிஞ்சாச்சு. கார் ஓட்டறது அப்படியா? அது இனிமேதான் நடக்கப்போகுது. நம்ம பிள்ளைங்க உயிரு. அதுக்கு நிதானமான ஆள் வேணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நியாயமாகத்தான் பட்டது. வெர்லினுக்கே ஒரு கணம் அப்படித்தான் பட்டது. அவர் கையோடு கொண்டு வந்திருந்த பாடப்புத்தகத்தை டுவேன் முன்னால் வைத்தார்.

"பக்கவாட்டுல பாரு."

புத்தகத்தின் ஓரம் முக்கால்வாசி கறுத்து, கடைசியில் வெள்ளையாக இருந்தது. தீயில் கருகாமல் தப்பித்த ரொட்டித் துண்டு மாதிரி.

"அந்த வெள்ளை, நான் போகாத இடம். இந்த ஊர்ல என்கிட்ட படிச்ச ஒருத்தருக்கும் அதைச் சொல்லிக்குடுத்ததில்லை. உங்களுக்கெல்லாம் வெள்ளிக்கிழமை ஆட்டம் வேணும், நானும் குடுத்தேன். இப்ப நீங்களே ஃபுட்பாலை வாங்கிக்கிட்டீங்க. சரி. எனக்கு ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், ஆகஸ்ட்லேர்ந்து முழுசா எடுத்துப் பார்க்கணும். கடைசிப் பக்கம் வரைக்கும்."

ஃபுட்பால் தவிர வேறொன்றைப் பற்றி அவர் இவ்வளவு பேசி அவர்கள் கேட்டதில்லை. ஃபுட்பாலைப் பற்றியே இவ்வளவு பேசியதில்லை. ஜனெல் ரைஸ் இப்போது போர்டில் இருந்தாள். அவள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"டுவேன், நீங்க அவர்கிட்ட படிக்கலை. நான் படிச்சேன். நான் கேக்கறேன், ஹிட்லர் என்ன ஆனான்?"

"செத்துட்டான்," என்றார் டுவேன்.

"பாத்தீங்களா, எனக்கு இப்பத்தான் தெரியுது."

கூரை ஒழுகலை மறந்து எல்லோரும் சிரித்தார்கள். டுவேனும் சிரித்துவிட்டார். சிரித்தபின் ஒரு மனுஷனுக்கு இல்லை என்று சொல்வது கஷ்டம். "புதுப் பையன் சம்மதிச்சா எனக்கென்ன வந்தது" என்று முடித்தார்.

புதுப் பையன் ப்ராக் மறுவாரம் வந்தான். கழுத்து எது, தோள் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத உடம்பு, குழந்தை முகம். வகுப்பறையின் பின்வரிசையில் அடங்காமல் அடங்கி உட்கார்ந்தான்.

"சார், உண்மையைச் சொல்லிடறேன். அந்தப் புத்தகத்தை அனுப்பி வெச்சாங்க. அதைப் பார்த்ததுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்லை. காரே எடுத்துக்கறேன். கோடையில பயிற்சிக்குப் போனா லைசென்ஸ் குடுத்துடுவாங்களாம். அந்தக் கார்ல என் பக்கமும் பிரேக் இருக்கும்ல?"

"இருக்கும்."

"வரலாற்றுல அது இல்லையே, சார்."

வெர்லினுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. கூட்டிக்கொண்டு போய் மைதானம், பஸ், விளக்கு சுவிட்ச் எல்லாம் காட்டினார். கடைசியாகத் துணி துவைக்கும் அறை.

"இதுவும் நானா?" என்றான் ப்ராக்.

"நீதான். கேட்டுக்கோ. வெள்ளை தனி, சிவப்பு தனி. ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணி. அவசரமா இருந்தாலும் சேர்த்துப் போட்டுடாதே."

"சரி சார்," என்று ப்ராக் ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

அந்த ஆகஸ்ட் வெர்லினின் வாழ்க்கையிலேயே நீளமான ஆகஸ்ட். மாலையில் பள்ளி விட்டால் வீட்டுக்குப் போக முடிந்தது. தேயிலையைச் செப்டம்பரில் கொட்டியாயிற்று. அரசியல் சட்டம் எழுதிய கோடையைப் பிள்ளைகளையே கட்சி பிரித்து உட்கார வைத்து நடத்தினார். ஜன்னலைச் சாத்திவிட்டு, அன்றைக்கும் இப்படித்தான் வெளியே கேட்டுவிடக்கூடாது என்று புழுங்கிக்கொண்டு பேசினார்கள் என்றார். பிள்ளைகள் வியர்த்து வழிந்துகொண்டே சண்டை போட்டார்கள். மணி அடித்தும் சண்டை நிற்கவில்லை. அவரை இன்னும் கோச் என்றுதான் கூப்பிட்டார்கள். ப்ராக்கைப் 'புது கோச்' என்றார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் அவரும் மைதானத்துக்குப் போனார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மரப்படியில் உட்கார்ந்து பாப்கார்ன் தின்றார். "இத்தனை வருஷத்துல இப்பத்தான் என் கடையில வாங்கித் திங்கறே" என்றாள் ஆர்டிஸ். அணி தோற்றது. மறுவாரமும் தோற்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அவரை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள். அந்தப் பார்வையின் அர்த்தம் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு தோல்விக்கும் அவர் கொஞ்சம் நல்ல கோச்சாகிக்கொண்டே வந்தார்.

அக்டோபரில் ஹோம்கமிங் வந்தது. வெளியூரில் இருக்கும் பழைய மாணவர்களெல்லாம் ஊருக்குத் திரும்பி வந்து பார்க்கும் ஆட்டம் அது. அதற்கு முந்தின நாள் வெர்லின் பலகையில் தேசப்படத்தை மாட்டி, ஜனாதிபதி ஜெஃபர்சன் பிரான்ஸிடமிருந்து மிசிசிப்பி நதிக்கு மேற்கே இருந்த பெரும் நிலப்பரப்பை வாங்கிய கதையை நடத்திக்கொண்டிருந்தார். மற்ற வருஷங்களில் அது அரை வகுப்பு. இந்த வருஷம் மூன்றாம் நாளாக ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசை கார்லா விடுவதாக இல்லை.

"நம்ம ஊரும் அதுல உண்டா, கோச்?"

"உண்டு. இந்த நாற்காலி போட்டிருக்கிற தரையும் உண்டு."

"பிரான்ஸ்காரன் வித்தான், சரி. அவன் இங்க வந்து பார்த்தானா?"

"பார்க்கலை."

"பார்க்காமலே வித்தானா? இவங்க பார்க்காமலே வாங்கினாங்களா?"

அப்போது கதவு திறந்தது. டுவேன் கெல்லர் உள்ளே வந்தார். கையில் ஒரு ஜெர்சி. முதுகில் அவர் தங்கை மகனின் எண். நல்ல இளஞ்சிவப்பு, கல்யாணக் கேக் மேல் வைக்கிற ரோஜாப்பூ நிறம்.

வகுப்பு அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டுக் கொல்லென்று சிரித்தது.

"சிரிங்க, சிரிங்க," என்றார் டுவேன். "எல்லாமே இப்படித்தான் இருக்கு. சிவப்பு சாக்ஸோட சேர்த்து, வெந்நீர்ல போட்டிருக்கான் அந்தப் புண்ணியவான். நாளைக்கு ஹோம்கமிங். ஊரே வருது." பிறகு பலகை வரை வந்து குரலைத் தாழ்த்தினார். எல்லோருக்கும் கேட்டது. "வெர்லின், திரும்பி வந்துடுப்பா. போர்டுல நான் பேசிக்கறேன். வரலாறும் உன்கிட்டயே இருக்கட்டும், டீமும் உன்கிட்டயே இருக்கட்டும். முன்ன மாதிரியே. என்ன சொல்றே?"

முன்ன மாதிரியே. வெர்லின் பலகையிலிருந்த தேசப்படத்தைப் பார்த்தார். இது அக்டோபர். முன்பு போல என்றால், முதலில் குடியேற வந்தவர்கள் இந்நேரம் இன்னும் கப்பலிலிருந்தே இறங்கியிருக்க மாட்டார்கள். ஜெர்சியையும் பார்த்தார். ஒரு ஊறலில் கொஞ்சம் நிறம் போகும், முழுசாகப் போகாது. ப்ராக்கிடம் மணி அடித்ததும் போய்ச் சொல்லவேண்டும்.

அவர் வாயைத் திறப்பதற்குள் கார்லா கையைத் தூக்கினாள். தூக்கினது டுவேனைப் பார்த்து.

"மிஸ்டர் கெல்லர், ஓடைக்கரையில இருக்கே, அந்த நிலம் உங்களோடதுதானே?"

"ஆமாம்மா."

"யார்கிட்ட வாங்கினீங்க?"

"நான் எங்க வாங்கினேன்? எங்க கொள்ளுத்தாத்தா வாங்கினாரு. ரயில்வேக்காரன்கிட்ட."

"ரயில்வேக்கு?"

"அரசாங்கம் குடுத்தது."

"அரசாங்கத்துக்கு?"

டுவேன் பலகையைப் பார்த்தார். அங்கே எழுதியிருந்தது. "பிரான்ஸு," என்றார், பதில் தெரிந்த பையனின் குரலில்.

"பிரான்ஸுக்கு யார் குடுத்தாங்க?"

சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. பின்வரிசையில் யாரோ ஒருத்தன், "உங்க கடையில அந்த அம்புமுனை ஜாடி இருக்கே, சார்," என்றான். கேலியாகச் சொல்லவில்லை. நினைவுக்கு வந்ததைச் சொன்னான்.

டுவேன் ஜெர்சியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். வெர்லினைப் பார்த்தார். வெர்லின் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றார், வகுப்பில் எந்தப் பிள்ளை யோசிக்கும்போதும் காத்திருப்பது போல.

"நான் கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லலியேப்பா நீ," என்றார் டுவேன்.

வெர்லின் பலகையில் பிரான்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். டுவேன் இன்னும் கொஞ்ச நேரம் தேசப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஜெர்சியை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே போனார்.